பளு ஏறினால் நகராத டிராலி

பழைய லேத்தை (இரும்பு கடையும் இயந்திரம்) இறக்கி வைக்க, கார் ஷெட்டில் நானே ஒரு கேன்ட்ரி, அதாவது உருளைக் கால்களில் நிற்கும் பளுதூக்கிச் சட்டம், செய்தேன். குறுக்கே ஐ.எஸ்.எம்.பி. 150 பீம் (I வடிவ இரும்பு உத்தரம்), மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. அதன் கீழ் உதட்டில், அதாவது நடுத்தகட்டின் அடியில் இருபுறமும் நீளும் பட்டையில், ஓடும் டிராலியும் சொந்தத் தயாரிப்பு. சக்கரத்துக்குப் பதில் 6204 பேரிங்குகள். அதில் தொங்குவது பளு தூக்க ஒரு டன் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி).

வெறும் டிராலி விரலால் தள்ளினாலே ஓடும். லேத் பெட்டை (அதன் கனமான அடிப்பாகம்) தூக்கியதும் அசையாது. தள்ளினால் கேன்ட்ரியே அதன் காஸ்டரில் (கால் உருளைகளில்) நகர்ந்தது.

கிரீஸ் போட்டேன், பலனில்லை. டியூப் மட்டம் (தண்ணீர்க் குழாய் மட்டம்) பிடித்துப் பீமைச் சரிசெய்தேன், ஊஹூம். பேரிங்கை மாற்றியும் அதே கதை.

அப்புறம்தான் பீமின் பெயின்டைக் கவனித்தேன். பேரிங்கின் அகலம் 14 மில்லிமீட்டர். பெயின்ட் உரிந்த தடமோ நடுத்தகட்டை ஒட்டி நூல் கனத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான் தொடுகிறது! ஐ.எஸ்.எம்.பி. உதட்டின் உள்பக்கம் தட்டை இல்லை. நடுத்தகட்டிலிருந்து விளிம்பை நோக்கி 8 டிகிரி சரிவு. முழுப் பளுவும் பேரிங்கின் உள்முனையில் நின்று இரும்பைக் கவ்வியிருக்கிறது. கண்ணுக்கு அந்தச் சரிவு சட்டென்று படவில்லை, மூலைமட்டம் வைத்ததும் தெளிவாகத் தெரிந்தது.

பக்கத்து லேத் பட்டறையில் இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ராடில் நான்கு சக்கரம் கடைந்து வாங்கினேன். லேத்தின் காம்பவுண்ட் ஸ்லைடை (கடையும் உளியைத் தாங்கும் திருப்பக்கூடிய பகுதி) 8 டிகிரி திருப்பிக் கடைந்த டேப்பர் (கூம்புச் சரிவு), உள்ளே பேரிங். பெரிய விட்டம் வெளிப்பக்கம் வர வேண்டும், மாற்றிப் போட்டால் நிலைமை இன்னும் மோசம்.

தரையிலிருந்து நான்கு விரல் உயரம் மட்டும் தூக்கிச் சோதித்தேன். ஒரு கையால் தள்ள நகர்ந்தது. அப்பாடா! தடமும் இப்போது சக்கரத்தின் முழு அகலத்துக்கு விழுகிறது.