பாவித்த மடிக்கணினி வாங்கும்போது மென்பொருள் உரிமத்தையும் பார்த்து வாங்குவது எப்படி?

கொழும்பில் கணினி வாங்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பம்பலப்பிட்டி காலி வீதியிலுள்ள யுனிட்டி பிளாசாவுக்குத்தான் முதலில் செல்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் சில ஆண்டுகள் பாவித்துக் கழித்துவிட்ட மடிக்கணினிகள், துடைத்து மெருகூட்டப்பட்டு, புதியவற்றின் விலையில் ஒரு பங்குக்குக் கொழும்பின் கடைகளில் விற்கப்படுகின்றன. பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்காக வாங்க வரும் பெற்றோர், திரையில் கீறல் உண்டா, பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும், எத்தனை மாத உத்தரவாதம் என்பவற்றைத் துருவித் துருவிக் கேட்பார்கள். அதில் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், “எல்லாம் போட்டுத்தான் தாறம், ஒரு பிரச்சினையும் வராது” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு, காசைக் கொடுப்பதற்கு முன்பு, கடையிலேயே செய்து பார்க்கக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உரிமத்தின் வகைகளைப் பிரித்தறிய வேண்டும். விண்டோஸ் உரிமம் மூன்று வழிகளில் ஒருவரை வந்தடைகிறது. உற்பத்தியாளர் கணினியோடு சேர்த்து விற்பது முதலாவது. இது அந்தக் கணினியோடு பிறந்து அதனோடேயே முடிவது, வேறொரு கணினிக்கு மாற்ற முடியாதது. தனியாக விலைகொடுத்து வாங்குவது இரண்டாவது. பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் இதைப் போட்டுக்கொள்ளலாம். நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்படுவது மூன்றாவது. இது அந்த நிறுவனத்தின் பாவனைக்கு மட்டுமே உரியது, கணினி கைமாறும்போது உரிமம் கைமாறாது. கடைகளில் “ஃபுல் அக்டிவேட் பண்ணியிருக்கு” என்று காட்டப்படும் கணினிகள் பலவற்றில் இருப்பது இந்த மூன்றாம் வகையைப் போலியாகப் பாவித்து இயக்கிய, அதாவது அக்டிவேட் செய்த, விண்டோஸ்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விண்டோஸ் 8 வெளிவந்த 2012ஆம் ஆண்டு முதல், பெரிய உற்பத்தியாளர்கள் உரிமக் குறியீட்டைக் கணினியின் தாய்ப்பலகையில், அதைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான நிலைபொருளுக்குள்ளேயே பதித்து அனுப்புகிறார்கள். ஆகவே, டெல், எச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்கள் விண்டோஸ் 10 உடன் விற்ற ஒரு மடிக்கணினி எத்தனை கைகள் மாறினாலும், உண்மையான உரிமம் பெரும்பாலும் அதற்குள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் கடைக்காரர் ஒரே நினைவகக் குச்சியிலிருந்து (பென் டிரைவ்) எல்லாக் கணினிகளுக்கும் ஒரே திருட்டுப் பதிப்பைப் போட்டுவிடுகிறார். சொந்த வீட்டின் சாவி சட்டைப்பையில் இருக்க, யன்னலை உடைத்து உள்ளே போகிற கதைதான் இது. வாங்குபவர் கேட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் நேர்வழிக்குத் திருப்பிவிடக்கூடிய காரியம், யாரும் கேட்காததால் நடப்பதில்லை.

கடையில் கணினியைக் கையில் எடுத்ததும் உரிமத்தைப் பார்ப்பதற்கு முன்னர் செயலியின் (புரொசெசரின்) இலக்கத்தைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. தனிநபர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் 2026 ஒக்டோபர் 13 வரைக்குமே என அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 ஓடுவதற்கு இன்டெல் செயலியாயின், ஒருசில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. அத்துடன் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஐ5-7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை; கோட்டுக்குப் பின்வரும் முதல் இலக்கமே தலைமுறையைச் சொல்லும். ஐந்து இலக்கங்கள் இருந்தாலோ, நான்கு இலக்கங்களில் முதலாவது 1 ஆக இருந்தாலோ, முதல் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளில் நிபந்தனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐப் போட்டுக் காட்டுவார்கள். அது ஓடும், ஆனால் அத்தகைய கணினிகளுக்கு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசொப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. நன்றாக உழைக்கும் இயந்திரங்களை ஒரு சில்லின் பெயரால் ஓரங்கட்டிய இந்த முடிவு எனக்கு உடன்பாடானதல்ல. எனினும், வாங்குபவர் அதைக் கணக்கில் எடுத்தே விலை பேச வேண்டும்.

அடுத்தது உரிமம். செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம் என்பதற்குள் அக்டிவேஷன் என்ற பக்கம் இருக்கும். விண்டோஸ் 10இல் அது அப்டேட் அன்ட் செக்கியூரிட்டி என்பதன் கீழ் வரும். டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் இயக்கப்பட்டுள்ளது என்று அங்கு இருந்தால் மேலே தொடரலாம். உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் இயக்கப்பட்டுள்ளது என்ற பொருளில் எழுதியிருந்தாலோ, பதிப்பின் பெயர் என்டர்பிரைஸ் என்றிருந்தாலோ, வீட்டுப் பாவனைக்கு விற்கப்படும் கணினியில் அதற்கு இடமில்லை என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் ஆகிய ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோட்டுக்குப் பின் எக்ஸ், பி, ஆர் என்று எழுதி என்டர் கொடுக்க வேண்டும். காலாவதித் திகதி ஒன்று தோன்றினால் அது பெரும்பாலும் நிறுவன உரிமத்தைப் பாவித்த இயக்கம்; அந்த வகை ஒவ்வொரு முறையும் 180 நாட்களுக்கே செல்லுபடியாகும், பின்னணியில் ஏதோ ஒன்று அதை அடிக்கடி புதுப்பித்துக்கொண்டிருக்கும்.

நிரந்தரமாக இயக்கப்பட்டுள்ளது என்று வந்தால் உடனே திருப்திப்பட்டுவிடவும் கூடாது. டிஜிட்டல் லைசென்ஸையே போலியாகப் பெற்றுத்தரும் கருவிகளும் புழக்கத்தில் உள்ளன. அவற்றால் இயக்கிய கணினி இந்தச் சோதனைகளில் எல்லாம் சித்தியடைந்துவிடும். திரையில் தெரியும் செய்தியால் போலியைப் பிடிக்க முடியும், உண்மையை நிறுவ முடியாது. ஆகவே உரிமம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். நிலைபொருளில் பதிந்தது என்றால், அதே பதிப்பை அங்கேயே மீண்டும் நிறுவிக் காட்டச் சொல்லலாம். தனியாக வாங்கிப் போட்டது என்றால் அதற்கான பற்றுச்சீட்டைக் கேட்கலாம்.

திருட்டுப் பதிப்பினால் வரும் தீங்கு சட்டத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு ஒரு சான்றைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் செக்கியூரிட்டிக்குள் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்து, எக்ஸ்குளூஷன்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். போலி இயக்கக் கருவிகளை விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபென்டர் தடுப்பதால், அவற்றைப் போடுபவர்கள் அந்தக் கோப்புறையை, சிலவேளை சீ டிரைவ் முழுவதையுமே, சோதனையிலிருந்து விலக்கி வைத்துவிடுகிறார்கள். அதன்பின் அங்கே எது வந்து குடியேறினாலும் டிஃபென்டர் திரும்பியும் பாராது. வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறக்கப்போகிறவர் இதை அலட்சியப்படுத்த முடியாது.

இனி வருவதுதான், என் கருத்தில், பாவித்த கணினிக்கான மிக முக்கியமான சோதனை. கணினியை முழுமையாக ரீசெட் செய்து, உங்கள் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, ஆரம்ப அமைப்பைக் கடைசிவரை ஓடவிடச் சொல்லுங்கள். முன்னைய நிறுவனம் அந்தக் கணினியைத் தனது கணினிகளை இணையம் வழியே நிர்வகிக்கப் பதிந்துவைக்கும் ஓட்டோபைலட் பதிவேட்டிலிருந்து நீக்காமல் விட்டிருந்தால், இணையம் கிடைத்த மறுகணமே அந்த நிறுவனத்தின் பெயரோடு ஒரு வரவேற்புத் திரை தோன்றி, அங்கு பணிபுரிபவரின் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கும். இணையம் இன்றி நிறுவப்பட்ட விண்டோஸில் இது வெளியே தெரியாது. வாங்கிச் சென்று மாதங்கள் கழித்து நீங்களே ரீசெட் செய்யும் நாளில்தான் தெரியவரும். மெக் கணினியாயின், முன்னைய உரிமையாளரின் கணக்கோடு அதைப் பூட்டிவைக்கும் அக்டிவேஷன் லொக், நிறுவன முகாமைப் பதிவு ஆகிய இரண்டும் இதே தொல்லையைத் தரும். அத்துடன் பயோஸ் எனப்படும் கணினியின் தொடக்க அமைப்புக்குள் கடவுச்சொல் இன்றிச் செல்ல முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நேரமில்லை என்று கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போவது நல்லது. யுனிட்டி பிளாசாவில் அடுத்த கடை சில அடிகளிலேயே இருக்கும்.

பேரம் முடிந்ததும் பற்றுச்சீட்டில் மாதிரிப் பெயர், தொடரிலக்கம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றோடு விண்டோஸின் பதிப்பையும் அது எவ்வகை உரிமம் என்பதையும் எழுதித்தரக் கேளுங்கள். மென்பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சிட்டிருக்கும் கடைகள் உண்டு. வைரஸ் வந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்ற அளவில் அது நியாயமானதே. ஆனால் உரிமத்தோடு விற்கிறேன் என்று சொல்லிவிட்டு உரிமம் இல்லாமல் விற்பதற்கு அந்த வரி கவசமாகாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கடைக்காரர் போட்டதை அப்படியே பாவிக்காமல் புதிதாக நிறுவிக்கொள்வது நல்லது. நிறுவியை உருவாக்கும் கருவியை மைக்ரோசொப்ட் தனது தளத்தில் இலவசமாகவே தருகிறது. 8 ஜிபி கொள்ளளவுள்ள நினைவகக் குச்சி ஒன்று போதும். நிலைபொருளில் குறியீடு இருந்தால் நிறுவி அதைத் தானே படித்து, ஹோமா புரோவா என்று கேளாமலே உரிய பதிப்பைத் தேர்ந்துகொள்ளும்; இணையத்தோடு இணைந்ததும் இயக்கமும் முடிந்துவிடும். நிறுவி உங்களிடம் பதிப்பைத் தெரிவுசெய்யக் கேட்டு, பின்னர் குறியீட்டையும் கேட்டால், உள்ளே உரிமம் இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

அப்படி இல்லாதபோது என்ன செய்வது? மைக்ரோசொப்டின் சொந்த விலைப்படி விண்டோஸ் 11 ஹோம் 139 அமெரிக்க டொலர், புரோ ஏறத்தாழ 200 டொலர். 2022 மார்ச்சில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் சில வாரங்களுக்குள் 300 ரூபாவைத் தாண்டிய ஒரு நாட்டில், சம்பளம் ரூபாவிலும் மென்பொருள் விலை டொலரிலும் இருப்பது என்ன பாரம் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாவித்த கணினி ஒன்றின் விலையில் கணிசமான பகுதியை உரிமத்துக்கே கேட்கும் நிறுவனம், இந்த நாட்டில் திருட்டுப் பதிப்பு பெருகியதில் தனக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இணையத்தில் சில டொலருக்கு விற்கப்படும் குறியீடுகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல, நிறுவன உரிமங்களிலிருந்து கசிந்தவை, எந்நாளிலும் முடக்கப்படக்கூடியவை.

பெரும்பாலான வீடுகளுக்கு மூன்றாவது வழி ஒன்று போதுமானது: விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு என்னும் இலவச இயங்குதளம், அதனோடு 2010இல் தொடங்கிய லிப்ரே ஒபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருள். பிரதியெடுத்துப் பகிர்வதை இவற்றின் உரிமங்களே அனுமதிக்கின்றன. ஆகவே அவற்றை எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் போட்டுக்கொடுத்து, அந்த உழைப்புக்குக் கூலி வாங்குவதற்குக் கடைக்காரருக்கும் முழு உரிமை உண்டு. ஏழாம் தலைமுறைக் கணினியை மலிவாக வாங்கி இதைப் போட்டால், ஒக்டோபர் 14ஆம் திகதியைப் பற்றிய கவலையும் இல்லை. தமிழில் தட்டச்சு செய்வோருக்கு, இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையின் எம்17என் தொகுப்பில் உண்டு. பாமினியில் எழுதிய பழைய ஆவணங்களை அந்த எழுத்துருவை நிறுவி லிப்ரே ஒபிஸில் திறக்கலாம்; புதிதாக எழுதுவதை யுனிகோடில் எழுதிவிடுங்கள். அட்டோபி போட்டோஷொப்பிலோ, விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கியல் மென்பொருளிலோ தொழில் செய்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவர்கள் உரிமச் செலவைத் தொழிற்செலவாகவே கருத வேண்டும்.

ஒபிஸ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், கடைக்காரர் இலவசமாகப் போட்டுத்தரும் ஒபிஸ் 2016, 2019 ஆகிய இரண்டுக்குமான ஆதரவும் விண்டோஸ் 10 முடிந்த அதே நாளிலேயே முடிந்துவிட்டது. வேர்ட், எக்ஸெல் கட்டாயம் வேண்டுமென்றால், உலாவியில் ஓடும் இலவச வடிவம் மாணவர் ஒருவருக்குப் போதும்.

தொழிலுக்காக வாங்குபவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பதிப்புரிமை பெற்ற ஆக்கங்களாகவே பாதுகாக்கிறது. உரிமையை மீறிய நிரல் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ, அதை வணிக இலாபத்துக்காக வேண்டுமென்றே பாவிப்பவரை அதன் 178ஆம் பிரிவு குற்றவாளியாகக் கொள்கிறது. வெள்ளவத்தையில் அச்சகமோ டியூட்டரியோ நடத்துபவர், கடைக்காரர் போட்டுத் தந்தார் என்று சொல்லித் தப்பிக்கொள்வது கடினம்.

கணினியோடு சேர்த்துக் கையடக்கத் தொலைபேசியும் வாங்குகிறீர்களாயின், விசைப்பலகையில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தி அதன் தனி அடையாளமான ஐஎம்இஐ இலக்கத்தைப் பெற்று, ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று தட்டி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகியுள்ளதா என்பது தெரிந்துவிடும்.

பற்றுச்சீட்டில் எழுதியதற்கு மாறான பொருளைத் தந்துவிட்டுக் கடைக்காரர் கைவிரித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். அதன் துரித இலக்கம் 1977. வாங்கிய திகதியிலிருந்து நாட்களைக் கடத்தாமல், பற்றுச்சீட்டின் பிரதியையும், தொடரிலக்கம் தெரியும்படி எடுத்த படத்தையும், அக்டிவேஷன் பக்கத்தின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்; தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது.