பட்டினி கிடக்கும் உடம்பை வைத்து ஆயுளைக் கணிக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களிலிருந்து "சோறு இறங்கல, டாக்டர்" என்று வருகிறவர்களில் சிலருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று தெரியவருகிறது. உடனே வீட்டார் கேட்பது: இன்னும் எவ்வளவு நாள்? புதிதாக வரும் இளம் டாக்டர்கள் அதற்குச் சொல்லும் பதிலைக் கேட்டால், எங்கள் காலத்துத் தவறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. அறிக்கையைச் சரியாகப் படிக்காதது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் தோற்றத்துக்கு மதிப்பெண் போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நோயாளியின் உடல்திறனை ஈகாக் அளவுகோலில் குறிப்போம்; 0 என்றால் முழுத் திறன், எண் கூடக் கூட நிலை மோசம். வேலைக்குப் போக முடியாவிட்டாலும் நடமாடித் தன்னைக் கவனித்துக்கொள்பவர் 2. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கிடப்பவர் 3. அந்த 3 விழுந்தால் கீமோ, கதிர்வீச்சு பற்றிய பேச்சே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பால்வெட்டி ஓய்வுபெற்ற ஒரு தாத்தா. வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீரும் மைலோவும்தான். கடைசியில் அதுவும் இறங்காமல் வாய்க்கே திரும்பியது. ரத்தத்தில் பொட்டாசியம் தரைமட்டம். மகன் கைத்தாங்கலாகத்தான் உட்காரவைத்தார். நான் அனுப்பிய இடத்தில் ஒருவர் 3 என்று எழுதி, "ரெண்டு மூணு மாசம்தான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். ஸ்கேனில் நோய் வேறு உறுப்புக்குப் பரவவே இல்லை! அவரைப் படுக்கவைத்தது பட்டினி. அப்புறம் சிறுகுடலில் குழாய் வைத்து உணவு கொடுத்ததும் தானே நடந்து கிளினிக்குக்கு வந்தார். மதிப்பெண் 1. அதற்குள் கட்டி மூச்சுக்குழாய்க்குள் புகுந்து, அறுவைக்கு வழியில்லாமல் போய்விட்டது.

ஆகவே முதலில் உணவு உள்ளே போகட்டும். நாள்பட்டுப் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்துடிப்பே தாறுமாறாகும். தையமின் (வைட்டமின் பி1) கொடுத்து, மெதுவாகக் கூட்டுங்கள். அறுவைக்கு வாய்ப்புள்ளவருக்கு அவசரப்பட்டு ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்துவைக்கும் குழாய்) வைக்க வேண்டாம். தெம்பு வந்த பிறகு மதிப்பெண்ணை மறுபடி போடுங்கள்.

ஆய்வு எண்ணை இரவல் வாங்குவது

நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வு 2012இல் வந்தது. அறுவைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களின் ஆயுள் நடுமதிப்பு சுமார் 49 மாதம். அறுவை மட்டும் என்றால் 24. நல்ல எண்தான். ஆனால் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களையும் 75 வயதைத் தாண்டியவர்களையும் அதில் சேர்க்கவில்லை. நம் ஆட்கள் வருவதோ, கைலி இடுப்பில் நிற்காத நிலையில்! அந்த ஆய்வில் பெரும்பாலோருக்கு இருந்தது சுரப்பித் திசுப் புற்று. ஆசியாவில் அதிகம் காண்பது வேறு வகை, செதிள் செல் புற்று. அந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்டாதீர்கள்.

நடுமதிப்பைக் கெடுத்தேதியாகச் சொல்வது

பாதிப் பேர் அதைத் தாண்டி இருப்பார்கள்.

வெற்றிலை, சுருட்டு, சம்சு (மலிவுச் சாராயம்) பற்றிக் கேட்காமல் விடுவது

கேளுங்கள். வாயையும் தொண்டையையும் பாருங்கள். இன்னொரு புற்று அங்கே இருந்தால் கணக்கே மாறும்.

ஒரே தடவையோடு முடித்துக்கொள்வது

புற்றின் நிலையை வகைப்படுத்தும் டிஎன்எம் முறையின் 8ஆம் பதிப்பில் ஸ்கேன், ஸ்கோப் பார்த்துச் சொல்லும் நிலைக்கு ஓர் அட்டவணை, நேரே அறுத்து எடுத்ததற்கு ஒன்று, சிகிச்சைக்குப் பின் அறுத்ததற்கு இன்னொன்று. காரணம் இல்லாமலா பிரித்தார்கள்? கிராஸ் சிகிச்சை பெற்ற செதிள் செல் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அறுத்தெடுத்த திசுவில் புற்று மிச்சமே இல்லை. அந்த அறிக்கை கைக்கு வந்ததும் வீட்டாரைக் கூப்பிட்டு, புதிய கணக்கைச் சொல்லுங்கள்.