கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் வேலை செய்யும் தமிழர் வீடுகளில் மாதத்தில் ஒரு நாள் ஒரே பேச்சுதான்: "தேதி நகர்ந்ததா?" அந்நாட்டு வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில், எந்தத் தேதியில் வரிசைக்கு வந்தவர்கள் வரை முறை வந்திருக்கிறது என்று காட்டும் இந்தியாவுக்கான கட்டத்தைப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை ஓடும். நானும் பல ஆண்டுகளாக அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாமதத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் காத்திருக்கும் காலத்தில் காகிதங்களைக் கவனிக்காமல் விட்டு, கைக்கு வந்ததை இழந்தவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முதலில், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதிலேயே பலருக்குக் குழப்பம். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதம்தான் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. இந்தக் கணக்கில் மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லாரும் அடக்கம். உயர்பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி உள்ளவர்களுக்கான இபி-2 பிரிவுக்கு மட்டும் கணக்குப் போட்டால் இந்தியாவுக்குச் சுமார் 2,800 இடங்கள். மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் மீதமாவது கிடைத்தால் அது கூடுதல். ஆகவே உங்கள் விண்ணப்பம் எந்த அதிகாரியின் மேசையிலும் தூங்கவில்லை. உங்கள் எண் இன்னும் வரவில்லை. இது புரியாமல் ஒரு பெருந்தொகை கட்டி வழக்குத் தொடுத்தவர்கள் உண்டு. முடிவெடுக்கத் தாமதிக்கும் அதிகாரியை முடிவெடுக்கச் சொல்லலாமே தவிர, இல்லாத விசா எண்ணை நீதிமன்றம் உருவாக்கித் தராது. "எனக்கு உள்ளே ஆள் தெரியும்" என்று பணம் கேட்பவரிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

யாருக்கும் அதிகம் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. கணக்கு குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறது. இந்திய–இலங்கை சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய இலங்கை மலையகக் குடும்பத்தில், அட்டனிலோ நுவரெலியாவிலோ பிறந்து, சிறுவயதில் தமிழ்நாட்டுக்கு வந்து இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்திய வரிசையில் நிற்க வேண்டியதில்லை; அவர் இலங்கைக் கணக்கில் வருவார். குவைத்தில் பிறந்த தமிழருக்கும் இதே விதிதான். அது மட்டுமல்ல: திருச்சியில் பிறந்த கணவனின் மனைவி யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால், கணவன் மனைவியின் நாட்டுக் கணக்கைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிள்ளை பிறந்த நாடு பெற்றோருக்கு இப்படி உதவாது. இந்தியப் பாஸ்போர்ட் என்றாலே இந்திய வரிசை என்று எண்ணி, கேட்காமலேயே பத்தாண்டுகளைக் கழிப்பது எவ்வளவு பெரிய இழப்பு! வழக்கறிஞரிடம் முதல் நாளே இருவரின் பிறந்த ஊரையும் சொல்லுங்கள்.

அடுத்தது, ஐ-140 என்ற கிரீன் கார்டுக்கான மனு. இதை விண்ணப்பிப்பது நிறுவனம். நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் பார்ப்பது நிறுவனத்தின் நலன். அதனால் பலரிடம் ஒப்புதல் கடிதத்தின் நகல்கூட இருப்பதில்லை. என் பழைய நிறுவனம் ஒன்றில் இரண்டு முறை கேட்ட பிறகும் நகல் தரவில்லை. குடிவரவுத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நானே விண்ணப்பித்துத்தான் பெற்றேன். அதைச் செய்ய வேலையை விடும் நாள்வரை காத்திருக்காதீர்கள். ரசீது எண்ணும், வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும், பிரையாரிட்டி டேட் என்று நாம் சொல்லும் முன்னுரிமைத் தேதியும் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்தத் தேதி உங்களுடையது. ஐ-140 ஒப்புதலான பிறகு வேறு நிறுவனத்துக்குப் போனால், புதிய நிறுவனம் தொழிலாளர் துறைச் சான்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் பழைய தேதி உங்களோடு வரும். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒப்புதலாகி 180 நாட்கள் கடந்துவிட்டால், பழைய முதலாளி திரும்பப் பெற்றாலும் அந்த ஒப்புதல் செல்லும். மோசடி, அடிப்படைப் பிழை போன்ற காரணம் இருந்தால்தான் ரத்தாகும். அதைக் காட்டி ஆறாண்டு வரம்புக்குப் பிறகும் ஹெச்-1பியை மும்மூன்று ஆண்டுகளாக நீட்டிக்கலாம். இது தெரியாமல், தேதி போய்விடும் என்ற பயத்திலேயே அவமானத்தையும் குறைந்த சம்பளத்தையும் பொறுத்துக்கொண்டு ஒரே இடத்தில் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது: 180 நாள் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ராஜினாமா கடிதம் கொடுப்பது. காலண்டரைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். வேலை போய்விட்டால் அடுத்த வேலையோ வேறு விசா நிலையோ தேட அதிகபட்சம் 60 நாட்கள்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வாசல் திறக்கும்போது தயாராக இல்லாதது இன்னொரு தவறு. 2020 அக்டோபரில், பட்டதாரிகள், திறன் தொழிலாளர்கள் போன்றோருக்கான இபி-3 பிரிவில் இந்தியாவுக்கான விண்ணப்பத் தேதி திடீரென்று 2015 ஜனவரி வரை தாவியது. ஒரு மாதத்துக்குள் ஐ-485 என்ற இறுதிக்கட்ட கிரீன் கார்டு விண்ணப்பத்தை அனுப்பத் தேசமெங்கும் நம்மவர்கள் அலைந்தார்கள். பின்வாங்குவதும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் 2014 டிசம்பரில் இருந்த இபி-2 இந்தியத் தேதி அக்டோபரில் 2012 ஏப்ரலுக்குப் போனது. தமிழ்நாட்டில் பிறந்த நமக்கு இங்கே இரண்டு தடைகள். ஒன்று, பிறப்புச் சான்றிதழ்: பலருக்குப் பெயர்க் கட்டமே வெறுமையாக இருக்கும், அல்லது பிறப்பே பதிவாகியிருக்காது. அப்போது பதிவு இல்லை என்ற சான்றும், பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர்களின் உறுதிமொழிப் பத்திரமும் தேவைப்படும். அந்த மூத்தவர்கள் நம் அப்பா, அம்மா, சித்தப்பா. அவர்கள் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். மற்றொன்று பெயர்: பள்ளிச் சான்றிதழில் இனிஷியலாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற பத்திரத்தை அவசரமில்லாத ஒரு விடுமுறையில் ஊரிலேயே முடித்துவிடலாம். வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். கூடுதல் விவரம் கேட்டு வந்த கடிதம் பழைய முகவரியில் கிடந்து, பதில் போகாமல் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் கொடுமை இதனால் நேர்கிறது.

வேலை அனுமதி அட்டையில் வேலை செய்யும் மனைவியோ கணவனோ இருந்தால் இதைக் கவனியுங்கள். முன்பு புதுப்பிக்க விண்ணப்பித்தாலே பழைய அட்டை தானாக நீண்டது. 2025 அக்டோபர் 30 அல்லது அதற்குப் பின் விண்ணப்பித்தவர்களுக்கு அந்தச் சலுகை பொதுவாக இல்லை. காலாவதிக்கு 180 நாட்களுக்கு முன்பிருந்தே அனுப்பலாம். முதல் நாளே அனுப்புங்கள்.

பிள்ளைகள் விஷயம்தான் என்னைத் தூங்கவிடாதது. மூன்று வயதில் சென்னையிலிருந்து தூக்கி வந்த குழந்தை 21 வயதில் உங்கள் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடும். வயதைக் கழிக்க ஒரு சட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் அது கழிப்பது ஐ-140 பரிசீலனையில் இருந்த நாட்களை மட்டுமே. வரிசையில் நின்ற ஆண்டுகளை அல்ல. கூடுதல் கட்டணம் கட்டிப் பதினைந்து நாளில் ஒப்புதல் வாங்கியிருந்தால் கழிபடுவதும் அந்தப் பதினைந்து நாள்தான். 2025 ஆகஸ்ட் 15 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு இந்த வயதை, விசா புல்லட்டினில் கிரீன் கார்டு தரக்கூடிய தேதியைக் காட்டும் இறுதி நடவடிக்கைத் தேதிப் பட்டியலைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். முந்தைய சலுகைக் கணக்கை நம்பித் திட்டமிட்டவர்கள் மறுபடி கணக்குப் போட வேண்டும். பிள்ளைக்குப் பதினேழு ஆகும்போதே மாணவர் விசா, கல்லூரிக் கட்டணம் பற்றி அவர்களிடமே வெளிப்படையாகப் பேசுங்கள். இருபதாவது பிறந்தநாளில் முதன்முறையாகக் கேள்விப்படும்படி விடாதீர்கள்.

கடைசியாகப் பயணம். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது ஹெச்-1பி நிலையைக் கைவிட்டு வேலை அனுமதி அட்டைக்கு மாறியவர், அட்வான்ஸ் பரோல் என்ற முன் அனுமதி கையில் இல்லாமல் விமானம் ஏறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். விண்ணப்பித்திருக்கிறேன் என்பது போதாது. ஒப்புதலான தாள் வேண்டும். பெற்றோர் முதியவர்களாக இருந்தால் அதைக் காலாவதியாக விடவே கூடாது. உயிர்ப் பிரச்சினை என்றால் உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்தில் அவசர அனுமதி கேட்க வழி இருக்கிறது. மருத்துவமனைக் கடிதம், உறவைக் காட்டும் சான்று, படிவம், கட்டணம் வேண்டும். இவற்றில் உறவுச் சான்றையும் புகைப்படங்களையும் ஒரு கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். ஊரிலிருந்து அந்தத் தொலைபேசி பெரும்பாலும் நள்ளிரவில்தான் வருகிறது.