எம்பி 40: கோளாறு மேகசினில் இருந்தது

அமெரிக்காவில் 1986 சட்டத்துக்கு முன் பதிவான தானியங்கித் துப்பாக்கிகளை மட்டுமே தனியார் வாங்க முடியும். அப்படி முறையான பதிவோடு என்னிடம் வந்தது இரண்டாம் உலகப்போர் காலத்து ஜெர்மன் சிறு இயந்திரத் துப்பாக்கியான எம்பி 40 (MP 40). அழகான பொருள். ஆனால் சுடுதளத்தில் நாலைந்து தோட்டா போனதும் நின்றுவிடும்.

பார்த்தவர்கள் போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் நகரும் பாகத்தை, சந்தேகப்பட்டார்கள். எனக்குத் தோட்டாக்களை அடுக்கிவைக்கும் கூடான மேகசின் மேல்தான் கண். அதில் 32 தோட்டாக்கள் இரண்டு வரிசையாக ஏறி, வாய்ப்பகுதியில் ஒற்றை வரிசையாகக் குறுக வேண்டும். அந்த இடத்தில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலே சிக்கும். அடித்தட்டைக் கழற்றினால், பழைய கிரீஸ் மெழுகுபோல் இறுகி உள்சுவரெங்கும் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டி, துடைத்து, எண்ணெய் போடாமல் உலர்வாகவே விட்டேன். சோர்ந்துபோன ஸ்பிரிங்கையும் மாற்றினேன்.

அப்புறம் பிடி. படங்களில் மேகசினையே பிடித்துச் சுடுவார்கள். அது ஆடினால் தோட்டா நுழையும் கோணம் மாறிவிடும். அதற்குப் பின்னாலுள்ள பேக்லைட் (பழைய வகைக் கெட்டி பிளாஸ்டிக்) பகுதியைப் பிடிப்பதே சரி.

இப்போது நிமிடத்துக்குச் சுமார் 500 தோட்டா என்ற நிதானமான வேகத்தில் முழு மேகசினும் தடையின்றி ஓடுகிறது. பழைய ஸ்பிரிங் அசல் பாகம். அதைத் தனிப் பையில் போட்டுத் துப்பாக்கியோடே வைத்திருக்கிறேன்.