ஒற்றை எல்எச்சி-2-ஐ அளக்கும்போது ஏமாற்றும் மினுக்கல்கள்

தாவரங்களில் ஒளியைத் திரட்டித் தரும் எல்எச்சி-2 புரதத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அதன் ஒளிர்வு எரிவதும் அணைவதுமாக மினுக்கும். அதில் புரதத்தின் இயல்பும் இருக்கும், நம் கைப்பிழையும் இருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பெரும்பாலும் கெடுவது நீர்க்கச் செய்யும்போதுதான். மைக்ரோமோலார் கரைசலைப் பத்து பிக்கோமோலார் அளவுக்குக் கொண்டுவரும் அவசரத்தில் டிடர்ஜென்ட் இல்லாத வெறும் பஃபரை (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசலை) ஊற்றிவிடுகிறார்கள். டோடெசில் மால்டோசைடு என்ற டிடர்ஜென்ட் சுமார் 0.009 சதவீதத்துக்குக் கீழே போனால் புரதத்தைச் சூழ்ந்து தனித்தனியாகக் கரைத்து வைத்திருக்கும் மிசெல்கள் (டிடர்ஜென்ட் மூலக்கூறுகளின் சிறு கூட்டங்கள்) கலைந்துவிடும். புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், ஒளிர்வு தணியும். ஒவ்வொரு படியிலும் 0.03 சதவீத டிடர்ஜென்ட் உள்ள பஃபரையே சேருங்கள். நீர்த்த கரைசலைக் காத்திருக்க விடாமல் அன்றன்றே பயன்படுத்துங்கள். ஒளிர்வு நிறமாலையில் 680 நானோமீட்டரை ஒட்டி இருக்க வேண்டிய உச்சம் 670 பக்கம் நகர்ந்தால், புரதத்திலிருந்து கழன்ற குளோரோஃபிலைப் பார்க்கிறீர்கள் என்று சந்தேகியுங்கள்.

நிறமிகளைச் சிதைக்கும் ஆக்சிஜனை அகற்றக் குளுக்கோஸோடு குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேடலேஸ் என்ற நொதிகளைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் இந்த வினையில் குளுக்கோனிக் அமிலம் உருவாகி பிஹெச் இறங்கும். எல்எச்சி-2 அமிலத்தன்மைக்கு ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும் புரதம் என்பதால், இங்கே இது சாதாரணக் கவனக்குறைவு அல்ல. செறிவான பஃபர் வையுங்கள், அளவீடு முடிந்ததும் பிஹெச்சைச் சோதியுங்கள்.

ஒளிர்வைத் தூண்டும் லேசரின் திறனைக் கூட்டினால் சிக்னல் கூடும் என்பது பாதி உண்மை. மூன்று எல்எச்சி-2 அலகுகள் சேர்ந்த ஒரு டிரைமரில் 42 குளோரோஃபில்கள். உறிஞ்சிய ஆற்றலில் ஒரு பங்கு கரோட்டினாய்டு நிறமியின் டிரிப்லெட் நிலைக்கு (நீண்ட நேரம் தங்கும் கிளர்நிலைக்கு) போய்ச் சில மைக்ரோ விநாடிகள் தங்கும். அதற்குள் அடுத்த ஃபோட்டான் வந்தால் அந்த ஆற்றல் வெப்பமாக வீணாகும். திறனைப் பாதியாக்கிப் பாருங்கள்: பிரகாசமும் பாதியானால் சரி, பாதிக்கு மேலே நின்றால் இன்னும் குறைக்க வேண்டும்.

“ஒரே படியில் அணைந்தது, ஆகவே ஒரே புரதம்” என்ற வாதமும் இங்கே செல்லாது. ஆற்றல் பிணைப்புள்ள நிறமிகளில் ஆற்றலை வெப்பமாக்கி ஒளிர்வை அணைக்கும் ஒரே ஒரு தணிப்பான் மொத்தத்தையும் அணைத்துவிடும். ஒட்டிய திரட்டும் அப்படியே அணையலாம். செறிவைப் பாதியாக்குங்கள்: புள்ளிகளின் எண்ணிக்கைதான் குறைய வேண்டும், ஒவ்வொரு புள்ளியின் பிரகாசமும் மாறக் கூடாது.

அழகாக ஒளிரும் புள்ளிகளை மட்டும் பொறுக்காதீர்கள். தனித்தனி நிறமாலைகளின் கூட்டுத்தொகை, அதே மாதிரியின் மொத்தக் கரைசல் நிறமாலையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அது பொருந்தாத தரவில் தெரியும் அணைந்த நிலையை, அதிக ஒளியிலிருந்து இலை தன்னைக் காத்துக்கொள்ளும் முறையோடு இணைத்து எழுதுவது அவசரம்.