அறுவை அரங்கத் தொழில்நுட்பர் சங்கம்: சேர்ந்தவர்களும் சேரப்போகிறவர்களும் செய்யும் தவறுகள்

அமெரிக்க மருத்துவமனைகளில் சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்டாக வேலைக்கு வர நினைக்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “சங்கத்தில் சேர்ந்துவிட்டால் சான்றிதழ் கிடைத்துவிடும் அல்லவா?” என்பதுதான். கிடைக்காது. கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்த நாட்டில் இந்தத் தொழிலைச் சுற்றி நிற்கும் அமைப்புகளின் பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கட்டணம் கேட்கிறது. ஒவ்வொன்றும் ஓர் அட்டையோ கடிதமோ அனுப்புகிறது. அந்தக் குழப்பத்தில் தொடங்கும் தவறுகள்தான் பின்னால் பணத்தையும், சில சமயம் வேலையையும் தின்னுகின்றன.

நம்மூரில் ஓ.டி. டெக்னீஷியன் என்று அழைக்கப்படுபவரின் வேலையோடு பெரும்பாலும் ஒத்துப்போகும் தொழில் இது. கைகழுவி, கவுன் அணிந்து, கிருமி நீக்கிய மேசையை அடுக்கி, மருத்துவர் கேட்பதற்கு முன்பே அடுத்த கவ்வியைக் கையில் எடுத்து, காயத்தை மூடுவதற்கு முன் ஊசி, துணி, கருவி எல்லாவற்றையும் நர்ஸோடு சேர்ந்து எண்ணிச் சரிபார்ப்பவர் இவர். இவர்களுக்கான தேசியச் சங்கம் அசோசியேஷன் ஆஃப் சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட்ஸ், சுருக்கமாக ஏ.எஸ்.டி. 1969-ல் அறுவை அரங்க டெக்னீஷியன்களின் சங்கம் என்ற பெயரில், அரங்கச் செவிலியர் சங்கத்தின் அரவணைப்பில் பிறந்து, பிறகு தனியே பிரிந்து நின்று, இன்றைய பெயரைப் பெற்றது. கொலராடோ மாநிலத்தின் லிட்டில்டன் நகரில் இதன் அலுவலகம் இருக்கிறது.

சான்றிதழ்த் தேர்வை நடத்துவது இந்தச் சங்கம் அல்ல. அதற்கென 1974-ல் தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. இன்று அது என்.பி.எஸ்.டி.எஸ்.ஏ. என்ற எழுத்துகளால் அறியப்படுகிறது. சி.எஸ்.டி. (சான்று பெற்ற சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட்) என்னும் பட்டத்தைத் தருவதும், புதுப்பிப்பதும், பறிப்பதும் அதன் அதிகாரம். பயிற்சிக் கல்லூரிகளை ஆய்வு செய்து அங்கீகாரத்துக்குப் பரிந்துரைப்பது ஏ.ஆர்.சி. என்ற மூன்றாவது அமைப்பு. ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தானே தேர்வு வைத்துத் தானே தேர்ச்சி வழங்கினால், சந்தா கட்டியவருக்குச் சலுகை காட்டியது என்ற பேச்சு எழும் என்பதாலேயே இந்தப் பிரிப்பு. உறுப்பினர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. அதோடு சங்கத்தின் செல்வாக்கு முடிந்துவிடுகிறது. ஆகவே உறுப்பினர் அட்டையைத் தற்குறிப்பில் தகுதி என்ற தலைப்பின் கீழ் எழுதுவது தவறு. ஒரு மருத்துவமனையின் ஆட்சேர்ப்பு அதிகாரி அதைத் தெரியாமல் எழுதியது என்று எடுத்துக்கொள்வாரா, ஏமாற்ற எழுதியது என்று எடுத்துக்கொள்வாரா என்பது நம் கையில் இல்லை.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. அறுவை அரங்கத் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் திருமணத்தாலோ துணைவரின் வேலையாலோ அங்கே போகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் வலிக்கும். சி.எஸ்.டி. தேர்வு எழுத விரும்பும் புதியவர் பொதுவாக அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டம் ஒன்றை முடித்திருக்க வேண்டும். இராணுவத்தில் பயிற்சி பெற்றவர்களுக்குத் தனி வழி உண்டு. நம்மூர்ப் பட்டம் அப்படியே செல்லும் என்று நம்பிச் சங்கச் சந்தாவை முதலில் கட்டி, தேர்வு அமைப்பின் தகுதி விதிகளைப் பிறகு படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வரிசையை மாற்றினால் போதும்: முதலில் தேர்வு அமைப்பு, அடுத்து கல்லூரி, கல்லூரியில் சேர்ந்த பின் குறைந்த சந்தாவில் மாணவர் உறுப்பினர். இந்தியாவில் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-ல் வந்தபோது அறுவை அரங்கத் தொழில்நுட்பரும் அதன் அட்டவணையில் இடம்பெற்றார்கள். ஆனால் இங்கே அதன்கீழ் பதிவு செய்துகொள்வது அங்கே தேர்வு எழுதும் உரிமையைத் தந்துவிடாது.

அடுத்த தவறை நானே செய்தேன். நான் சான்றிதழ் பெற்ற காலத்தில் அதைப் புதுப்பிக்க நான்கு ஆண்டுகளுக்கு 60 தொடர்கல்வி மதிப்பெண்கள் சேர்க்க வேண்டும். 2020 முதல் சான்று பெறுபவர்களுக்கும் புதுப்பிப்பவர்களுக்கும் அது இரண்டு ஆண்டுகளுக்கு 30 என்று மாறியது. நான்கு ஆண்டு என்றால் நெடுங்காலம் என்று நினைத்து, கருத்தரங்குகளில் தந்த தாள்களை ஒரு காலணிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். கெடு முடிய மூன்று வாரம் இருந்தபோது பெட்டியைத் திறந்து மேசையில் பரப்பினேன். மதிப்பெண் வழங்கும் அங்கீகாரம் எதுவென்று சில தாள்களில் குறிப்பிடப்படவே இல்லை. ஒன்றில் என் பெயருக்குப் பதிலாக என் தந்தையின் பெயர் இருந்தது, ஏனென்றால் முதற்பெயர், கடைப்பெயர் என்ற கட்டங்களில் நான் எதை எங்கே எழுதினேன் என்பது எனக்கே நினைவில்லை. இன்னும் இரண்டு, மருத்துவமனை கட்டாயமாக நடத்தும் தீயணைப்புப் பயிற்சி போன்றவை, கணக்கில் வராதவை. அந்த மூன்று வாரமும் இரவு வேலை முடித்து வந்து, சங்கத்தின் இதழில் வரும் கட்டுரைகளைப் படித்துத் தேர்வுத்தாள் நிரப்பியே குறையை அடைத்தேன். இந்த மதிப்பெண்களைப் பதிவு செய்து வைப்பது சங்கத்தின் வேலைகளில் ஒன்று. உறுப்பினர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு வகுப்பும் முடிந்த வாரத்திலேயே தாளை அனுப்பி, பதிவானதா என்று பார்த்துவிட வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் சங்கப் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதை முதல் நாளே உறுதி செய்வது, தலைப்பெழுத்தோடு வாழ்ந்து பழகிய நம்மவர்களுக்குக் கூடுதல் கடமை.

சங்கத்தின் வழிகாட்டு நெறிகளைச் சட்டமாக நினைப்பதும், அதை அரங்கத்துக்குள் ஆயுதமாக எடுத்துச் செல்வதும் இளையவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. ஏ.எஸ்.டி. பல பணிகளுக்கு நெறிகளை வெளியிடுகிறது. அரங்கச் செவிலியர் சங்கமும் வெளியிடுகிறது. ஆனால் அரங்கத்தில் அன்று நடப்பது அந்த மருத்துவமனை ஏற்றுக்கொண்டு எழுதி வைத்திருக்கும் கொள்கைதான். ஒரு முறை வயிற்று அறுவை முடியும் நேரம். நம்மூர் அரங்குகளில் ‘மாப்’ என்று சொல்லும் பெரிய துணிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். தேசிய மாநாட்டிலிருந்து திரும்பியிருந்த இளம் தொழில்நுட்பர் ஒருவர், காயத்தில் தொடங்கி மேசைக்கும் அங்கிருந்து வாளிக்கும் எண்ண வேண்டிய எங்கள் வரிசையை நடுவில் நிறுத்தி, மாநாட்டில் கேட்ட வேறொரு வரிசையே சரி என்றார். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டிருந்த சர்குலேட்டிங் நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏழு வரை எண்ணியிருந்தோமா எட்டு வரையா என்று யாருக்கும் தெரியவில்லை. முதலிலிருந்து எண்ணினோம், மயக்க மருந்தில் நோயாளி கூடுதலாகப் பத்து நிமிடம் கிடந்தார். அந்த இளைஞர் சொன்னது தவறா சரியா என்பது இங்கே கேள்வியே அல்ல. அவர் அதை மறுநாள் கொள்கைக் குழுவிடம் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

நெறி என்பது மாறக்கூடியது என்பதற்குத் தொப்பித் தகராறைவிடச் சிறந்த சான்று கிடையாது. அரங்கத்தில் இருப்பவர்கள் காது, பிடரி, தலைமுடி முழுவதையும் மூட வேண்டும் என்ற செவிலியர் சங்கத்தின் நெறியைப் பிடித்துக்கொண்டு பல மருத்துவமனைகள், அறுவை மருத்துவர்கள் காலங்காலமாக அணிந்துவந்த சிறு துணித் தொப்பியைத் தடை செய்தன. 2016-ல் அறுவை மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பான அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, பிடரியிலும் காதோரத்திலும் சிறிதளவு முடி தெரிவதால் குற்றமில்லை என்று அறிக்கை விட்டது. இரு தரப்பும் ஆய்வுச் சான்றுகளை முன்வைத்து வாதாடின. 2019-ல் செவிலியர் சங்கம் தன் நெறியைத் திருத்தி, எந்த வகைத் தொப்பி என்பதை வலியுறுத்துவதைக் கைவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நெறியை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு சக ஊழியர்களோடு பகைத்துக்கொண்டவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதில் சிலர் தொழில்நுட்பர்கள். நெறியின் கீழே எந்த ஆண்டு என்றும், எந்த அளவுக்கு வலுவான சான்றின்மேல் நிற்கிறது என்றும் பார்க்கப் பழகாதவர், சங்கத்தின் பெயரைச் சொல்லாமலிருப்பதே நல்லது.

ஊதியக் குறையைச் சங்கத்திடம் கொண்டுபோவதும் வீண். தொழிற்சங்கம் வேறு, தொழில்முறைச் சங்கம் வேறு. தமிழில் இரண்டுக்கும் ‘சங்கம்’ என்ற ஒரே சொல் இருப்பதால் நமக்கு இது கூடுதலாகக் குழம்புகிறது. முதலாளியோடு கூட்டாகப் பேரம் பேசும் உரிமை 1935-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழியே தொழிற்சங்கங்களுக்கு உரியது. ஏ.எஸ்.டி. யாருக்காகவும் ஊதிய ஒப்பந்தம் பேசாது. அதுபோலவே, சந்தாவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவதும் பழைய பழக்கம். சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு அந்தக் கழிவு நடுவண் வரியில் 2018 முதல் இல்லை. மருத்துவமனையே சந்தாவைத் திருப்பித் தருகிறதா என்று கேட்பதுதான் பயன் தரும், பலர் கேட்பதே இல்லை.

சங்கம் உண்மையில் பலம் காட்டும் இடம் மாநிலச் சட்டமன்றம். இதைப் புரிந்துகொள்ளாமல் சந்தாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள்தான் அதிகம். இந்தத் தொழிலுக்கு நாடு முழுவதற்குமான உரிமச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோன்றியபடி செய்கிறது. டெக்சாஸ் 2009-ல் இயற்றிய சட்டம், அங்கீகாரம் பெற்ற பயிற்சியும் சான்றிதழும் உள்ளவர்களையே மருத்துவ நிலையங்கள் பணியமர்த்த வேண்டும் என்றது. ஏற்கெனவே பணியிலிருந்தவர்களுக்கு விலக்கும் தந்தது. ஒரு மாநிலத்தில் பத்தாண்டு வேலை செய்தவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபின், அங்கே சான்றிதழ் இல்லாமல் மேசையருகே நிற்க முடியாது என்று தெரிந்துகொள்வது அரிதான நிகழ்ச்சி அல்ல. சங்கத்தின் மாநிலக் கிளையான மாநிலப் பேரவையின் கூட்டங்களுக்குப் போகிறவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

சட்டமன்றக் குழுவின்முன் பேசப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, தொழிலின் பெருமையைப் பேசுவது. அங்கே அமர்ந்திருப்பவர்கள் கேட்க விரும்புவது நோயாளிக்கு என்ன ஆபத்து, அதைச் சட்டம் எப்படித் தடுக்கும் என்பதை மட்டுமே. கொலராடோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் டென்வரில் ஹெப்படைட்டிஸ் சி தொற்றுள்ள தொழில்நுட்பர் ஒருவர், அரங்கத்தில் வைத்திருந்த ஃபென்டனில் என்னும் போதைதரும் வலிநீக்கி ஊசிகளைத் திருடித் தான் போட்டுக்கொண்டு, பயன்படுத்திய ஊசிக்குழல்களை வைத்துவிட்டது தெரியவந்தது. நோயாளிகள் பலருக்குத் தொற்று பரவியது. அவருக்கு 30 ஆண்டுச் சிறை. மறு ஆண்டே அம்மாநிலம் தொழில்நுட்பர்களும் உதவியாளர்களும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அப்படியும் 2016-ல், வேறு மாநிலங்களில் வேலை நீக்கப்பட்ட ஒருவர் அதே மாநிலத்தில் அதே வகைத் திருட்டில் பிடிபட்டார். ஆயிரக்கணக்கான நோயாளிகள் இரத்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். இதை நம் தொழிலுக்கு வந்த இழுக்கு என்று மூடி மறைக்கப் பார்க்கும் உறுப்பினர்கள் உண்டு. என் எண்ணம் நேர்மாறானது: ஒரு மாநிலத்தில் நீக்கப்பட்டவர் அடுத்த மாநிலத்தில் கேள்வியின்றிச் சேர முடிகிறது என்ற ஓட்டையை, அதே மேசையில் நிற்கும் நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

பேசும்போது இரண்டு எல்லைகளைத் தாண்டக் கூடாது. மருத்துவமனையின் பெயரை அதன் அனுமதியின்றி உச்சரித்து, அதன் சார்பாகப் பேசுவதுபோலத் தோற்றம் தரக் கூடாது. நோயாளி யாரென்று ஊகிக்க இடம் தரும் விவரத்தையும் சொல்லக் கூடாது. பெயரை மட்டும் நீக்கிவிட்டால் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டம் திருப்தி அடைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிறு ஊரில் நடந்த அரிய அறுவை, அது நடந்த தேதி, நோயாளியின் வயது என்று மூன்றையும் சொன்னால் பெயரே தேவையில்லை. மாநாட்டுக் காட்சிப்படங்களில் அரங்கப் புகைப்படம் சேர்ப்பவர்கள் சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையைப் பார்க்கத் தவறுவது எனக்குத் தெரிந்தே இரண்டு முறை நடந்திருக்கிறது. நோயாளியின் கடைப்பெயர் அதில் பச்சை மையில் தெளிவாக இருந்தது.

கடைசியாக, பொறுப்புகளை ஏற்பது பற்றி. மாநிலப் பேரவைகளில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். கை தூக்கியவரிடம் செயலாளர், பயிலரங்க ஏற்பாட்டாளர், தேசிய மாநாட்டுக்கான பிரதிநிதி என மூன்றையும் ஒரே மாலையில் கட்டிவிடுவார்கள். பிரதிநிதி என்பவர் தன் மாநிலத்தின் வாக்கைச் சுமந்து செல்பவர். அலுவல் அமர்வு நடக்கும் நேரத்தில் ஊர் சுற்றப் போனால் அந்த வாக்கு அங்கே இல்லை. முழுநேரமாகவும் அவசர அழைப்புக் கடமையோடும் வேலை செய்பவர் ஓராண்டுக்கு ஒரு பொறுப்பு என்று வைத்துக்கொள்வதே நடக்கக்கூடியது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு ஆறாம் மாதம் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாமல் போகிறவரைவிட, முடியாது என்று முதலிலேயே சொல்பவரைப் பேரவை நன்றியோடு நினைக்கும்.

பொருளாளர் பொறுப்பை விடும்போதும் கவனம் வேண்டும். பதவிக்காலம் முடிந்ததும் பலர் ஒரு வாழ்த்துச் செய்தியோடு போய்விடுகிறார்கள். வங்கியில் கையெழுத்திடும் உரிமை அவர்கள் பெயரிலேயே இருக்கும், ரசீதுகள் அவர்களது சொந்தக் கணினியில் இருக்கும், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. எங்கள் பேரவையில் ஒரு முறை இப்படி ஆகி, வசந்தகாலப் பயிலரங்குக்கு மண்டப முன்பணம் கட்ட வழியில்லாமல், புதிய பொருளாளர் தன் கடனட்டையிலிருந்து கட்டினார். பழையவரும் புதியவரும் பொதுக்குழுக் குறிப்பின் நகலோடு ஒன்றாக வங்கிக்குப் போய்க் கையெழுத்தை மாற்றி முடிக்கும்வரை ஏழு வாரம் அந்தக் கடன் அவர் பெயரிலேயே நின்றது.