ஃபார்மட் செய்தும் திரும்பி வந்த ஷார்ட்கட் வைரஸ்: வீட்டுக் கணினியிலிருந்து வேரோடு எடுப்பது எப்படி

அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருக்கிற பென்டிரைவை அம்மா பீரோவிலிருந்து எடுத்து வந்து, "இதுல ரெண்டு படம் பிரேம் போடணும்டா" என்றாள். வீட்டுக் கணினியில் செருகித் திறந்தேன். 14 ஜிபி படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு ஐகான். பென்டிரைவின் பெயரையே அதற்கும் வைத்திருந்தது. இடது கீழ் மூலையில் சின்னதாக வளைந்த அம்புக்குறி. அளவு 2 கேபி. அப்பா போய் 3 வருடம் ஆகிறது, அந்தப் படங்களுக்கு வேறு பிரதியும் கிடையாது. கை நடுங்கிவிட்டது.

இதே நிலையில் நீங்கள் இருந்தால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது. இந்த வகை வைரஸ் அவற்றை மறைத்துத்தான் வைக்கும். ஆகவே பயத்தில் பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

நான் கோவில்பட்டியில் பள்ளி ஆசிரியர். வினாத்தாள் அடித்து, பென்டிரைவில் ஏற்றி, ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போவது வருடம் முழுக்க நடக்கிற வேலை. வைரஸ் வீட்டுக்குள் வந்ததும் அந்த வழியில்தான். முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகியதுமே தானாக ஓடும் ஆட்டோரன் வைரஸ்கள் இருந்தன. 2011-ல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் அந்த வழியை அடைத்துவிட்டது. அதன் பிறகு, நம்மையே கிளிக் செய்ய வைக்கும் இந்த ஷார்ட்கட் தந்திரம் எங்கும் பரவியது.

தந்திரம் எப்படி என்று பார்க்க, அந்த ஐகானைத் திறக்காமல் வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ் போனேன். டார்கெட் என்ற கட்டத்தில் நீண்ட ஒரு வரி. தொடக்கத்தில் சிஎம்டி, நடுவில் டபிள்யூஸ்கிரிப்ட், அதை ஒட்டி அர்த்தமில்லாத எழுத்துகளில் பெயர் வைத்து விபிஎஸ் என்று முடியும் ஒரு ஃபைல், கடைசியில் என் படங்கள் இருக்கும் ஃபோல்டர். அதாவது, ஐகானைத் திறந்தால் முதலில் வைரஸ் ஓடும், உடனே படங்களும் திறக்கும். படம் தெரிகிறதே என்று நாம் சந்தேகப்பட மாட்டோம். அதற்குள் அது கணினியில் தன் பிரதியை வைத்துக்கொண்டு, அடுத்து வரும் ஒவ்வொரு பென்டிரைவையும் இதே மாதிரி மாற்றத் தொடங்கிவிடும்.

முதல் தடவை ஒரு கடையில் கொடுத்தேன். சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டு 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் என் மகள், "அப்பா, திரும்பவும் அம்புக்குறி" என்றாள். கடைக்காரர் செய்தது தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதி வேலைதான் நடந்திருந்தது. டி டிரைவை யாரும் தொடவில்லை. வீட்டில் இருந்த 4 பென்டிரைவையும் யாரும் பார்க்கவில்லை. சி டிரைவ் சுத்தமாக இருந்தது, மகளின் பென்டிரைவ் அதை மறுபடி அழுக்காக்கியது. இந்தச் சுற்றை ஒரே நாளில் எல்லாப் பக்கமும் அறுத்தால்தான் அது போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கிற பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள். கணினி சுத்தமாகும் வரை எதையும் செருகக் கூடாது.

நெட்டைத் துண்டிக்கும் முன் இரண்டே வேலை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டரை அப்டேட் செய்யுங்கள். அப்புறம் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து ஆட்டோரன்ஸ் என்ற இலவச நிரலை இறக்கிக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்து பழைய ஆட்டோரன் வைரஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கணினி தொடங்கும்போது எதெல்லாம் தானாக எழுந்துகொள்கிறதோ அதையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும் அருமையான கருவி இது. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும். இரண்டும் ஆனதும் வைஃபையை அணைத்துவிடுங்கள், கேபிள் என்றால் பிடுங்கிவிடுங்கள்.

இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போங்கள். மேலே உள்ள தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து, கமாண்ட் லைன் என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் பலர் செய்வதில்லை, ஆனால் திருடனின் முகவரி இங்கேதான் இருக்கிறது. என் கணினியில் டபிள்யூஸ்கிரிப்ட் என்ற பெயரில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. கமாண்ட் லைனில் அது எந்த ஃபோல்டரில் உள்ள எந்த ஃபைலை ஓட்டுகிறது என்பது முழுதாகத் தெரிந்தது. ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் அந்தக் கிறுக்கல் பெயர் விபிஎஸ். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள், இனி செய்யப் போகிற எல்லாவற்றுக்கும் அது வேண்டும். எழுதியதும் இரண்டுக்கும் எண்ட் டாஸ்க் கொடுங்கள். கவனம்: டபிள்யூஸ்கிரிப்ட் என்பது விண்டோஸின் சொந்த நிரல். அதை நிறுத்தலாம், அழிக்கக் கூடாது. அழிக்க வேண்டியது அது ஓட்டுகிற ஸ்கிரிப்டை.

அடுத்து டாஸ்க் ஷெட்யூலர். சேஃப் மோடுக்குப் போவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும். இடது பக்கம் லைப்ரரியைக் கிளிக் செய்து, ஒவ்வொரு வேலையின் ஆக்‌ஷன்ஸ் பகுதியையும் பாருங்கள். டபிள்யூஸ்கிரிப்டையோ பவர்ஷெல்லையோ அழைத்து, ஆப்டேட்டாவில் உள்ள ஒரு ஃபைலை ஓட்டச் சொல்லும் வேலை இருந்தால் அதுதான் ஆள், அந்த வேலையை நீக்கிவிடுங்கள். "அழிச்சேன், பத்து நிமிஷத்துல திரும்ப வந்துடுச்சு" என்று சொல்கிறவர்கள் வீட்டில் பல சமயம் இதுதான் காரணமாக இருக்கும்.

பிறகு ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போனால் ஒரு எண் பட்டியல் வரும். 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். சில லேப்டாப்களில் இந்த இடத்தில், டிஸ்கைப் பூட்டிவைக்கும் வசதியான பிட்லாக்கரின் சாவியைக் கேட்கும், அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் முன்பே பார்த்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சேஃப் மோடில் விண்டோஸ் தனக்குத் தேவையானதை மட்டுமே எழுப்பும், அதனால் வைரஸ் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். ஆட்டோரன்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து லாகான் பகுதியைப் பாருங்கள். நோட்டில் எழுதிய பெயர் அங்கே இருக்கும். என் கணினியில் இரண்டு இடத்தில் இருந்தது: விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியின் ரன் வரிசையில் ஒன்று, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒன்று. ஒன்றை அழித்தால் மற்றது அதைத் திரும்ப உண்டாக்கும், அதற்குத்தான் இரண்டு. இரண்டையும் நீக்கினேன். பிறகு ரோமிங் ஃபோல்டருக்குப் போய் மூல ஃபைலையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். தெரியாத பெயர் எதையாவது பார்த்துச் சந்தேகம் வந்தால் உடனே அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். பிரிண்டர், சவுண்டு நிரல்கள் பெயர்கூட சில நேரம் விநோதமாகத்தான் இருக்கும்.

சரி, சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியல் இருக்கிறது, டிஃபெண்டர் எட்டிப் பார்க்கக் கூடாத இடங்களின் பட்டியல். சில வைரஸ்கள் தங்கள் இருப்பிடத்தை அதில் சேர்த்துவிடும். நீங்களாகச் சேர்க்காதது எதுவும் அங்கே இருக்கக் கூடாது. அதன் பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஸ்கேன் நடக்கும். சுமார் 15 நிமிடம். முடிந்ததும் ஃபுல் ஸ்கேன் ஒன்று. எங்கள் பழைய ஹார்ட் டிஸ்கில் அதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது, ஆனால் டி டிரைவில் பழைய வினாத்தாள் ஃபோல்டருக்குள் அதே ஸ்கிரிப்டின் இன்னொரு பிரதி சிக்கியது. விட்டிருந்தால் அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருப்பேன்.

இனி டப்பாவைத் திறக்கலாம். பென்டிரைவுகளை ஒவ்வொன்றாக மட்டும் செருகுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள், சிஸ்டம் ஃபைல்களை மறை என்பதிலும் எக்ஸ்டென்ஷனை மறை என்பதிலும் டிக்கை எடுங்கள். பிறகு பென்டிரைவை வலது கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். ஃபுல் ஸ்கேன் பென்டிரைவுகளைப் பொதுவாகப் பார்ப்பதில்லை, அதனால் இதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

அம்மாவின் பென்டிரைவில் இதைச் செய்தபோது, அம்புக்குறி ஐகானுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு ஃபோல்டர் தெரிந்தது. அதற்குப் பெயரே இல்லை, ஐகானுக்குக் கீழே வெறும் வெற்றிடம். திறந்தேன். முதல் படத்திலேயே அப்பா, நெற்றியில் சந்தனத்தோடு, மாலையைச் சரிசெய்துகொண்டு. சமையலறையிலிருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு படம்கூடக் குறையவில்லை.

அந்தப் பெயரில்லாத ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் டி டிரைவில் புது ஃபோல்டருக்கு நகல் எடுங்கள். படம் என்றால் ஜேபிஜி, ஆவணம் என்றால் டாக் அல்லது பிடிஎஃப் என்று முடிகிறதா பாருங்கள். விபிஎஸ், இஎக்ஸ்இ என்று முடிவது எதுவும், அம்புக்குறி உள்ள ஐகான் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஃபோல்டரிலிருந்தும் நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

ஃபைல்கள் இருந்தும் பெயருக்குப் பின்னால் புது எக்ஸ்டென்ஷன் ஒட்டிக்கொண்டு, பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருந்தால் அது ரான்சம்வேர், வேறு விஷயம். எதையும் அழிக்காமல், ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் அதற்குத் திறவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வைரஸ் இருந்த நாட்களில் அந்தக் கணினியில் நீங்கள் அடித்த பாஸ்வேர்டுகளை வெளியே போனதாகவே கணக்கில் வையுங்கள். ஃபோனில், மொபைல் டேட்டாவில், முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி என்ற வரிசையில் மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் தடுக்க வாய்ப்பு அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் திரும்பி வந்தால் முழுதாகத் துடைத்துவிட வேண்டியதுதான். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளியே எடுத்துவிட்டு, வேறொரு சுத்தமான கணினியில் 8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவில் விண்டோஸ் நிறுவியைத் தயார் செய்யுங்கள். நிறுவும்போது சி, டி என்று எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். திருட்டு விண்டோஸுக்கான ஆக்டிவேட்டரை மட்டும் மறுபடி உள்ளே விடாதீர்கள்.

எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. இப்போது வினாத்தாளை பிடிஎஃப் ஆக்கி ஜெராக்ஸ் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன். தவிர்க்க முடியாமல் பென்டிரைவ் கொண்டுபோனால் அது கடைக்கென்றே வைத்திருப்பது, வீடு திரும்பியதும் எதையும் திறக்காமல் ஃபார்மட்.

வைரஸ் போய்விட்டதா என்று உறுதி செய்ய, காலியான பென்டிரைவ் ஒன்றில் ஒரே ஒரு ஃபோல்டரும் அதற்குள் ஒரு படமும் போட்டுவைத்தேன். தினமும் செருகுவது, ஒரு நிமிடம் விடுவது, எடுத்துவிட்டு மறுபடி செருகிப் பார்ப்பது. கணினியில் வைரஸ் இருந்தால் அந்த ஃபோல்டர் மறைந்து அம்புக்குறி வந்துவிடும். போன தடவை திரும்பி வந்தது மூன்றாம் நாள் என்பதால் அன்றைக்குக் காலையும் மாலையும் பார்த்தேன். ஏழு நாளும் ஃபோல்டர் அப்படியே இருந்தது. எட்டாம் நாள் படங்களை அம்மாவின் பென்டிரைவில் ஏற்றி, ஒரு பிரதியைத் தங்கை வீட்டுக்கும் அனுப்பிவைத்தேன்.